ஏலக்காய் போன ஊருக்கு ஒரு சுற்றுலா

*வேலைக்கும் உம்ராவுக்கும் மட்டுமே அரபு நாடுகளுக்குப் போய்வந்த கம்பம் பள்ளத்தாக்கு, இப்போது ஊர் பார்க்கவும் கிளம்புகிறது. எங்கே போகலாம், எதைப் பார்க்கலாம், எதில் ஏமாறக் கூடாது?*

போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கிடங்குகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பிரிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பச்சை மங்காத, வாய் பிளக்காத, 8 மில்லிமீட்டருக்கு மேல் பருத்த காய் தனிக் குவியலாகப் போகும். நல்ல விலை அதற்குத்தான். இடுக்கி மலைத் தோட்டங்களில் பறித்து, ஸ்டோரில் உலர்த்தி, நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலத்தில் விலைபோகும் இந்தக் காயில் கணிசமான பங்கு கடல் தாண்டிப் போய்விடுகிறது. சவுதியிலும் அமீரகத்திலும் குவைத்திலும் விருந்தாளி வந்தால் முதலில் வைக்கும் காப்பியில் விழுவது ஏலக்காய்தான். இன்று குவாத்தமாலா காய் அந்தச் சந்தையில் பெரும் போட்டி கொடுக்கிறது. ஆனாலும் நம் மலைக் காயின் பச்சைக்கும் மணத்துக்கும் அரபு வீடுகளில் இன்னும் மதிப்பு இருக்கிறது.

காய் போன ஊருக்கு ஆளும் போனார்கள். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, பெரியகுளம் என்று எந்த ஊரிலும் ஒரு தெருவை எடுத்துக்கொண்டால், சவுதியிலோ துபாயிலோ இருப்பவர் அல்லது இருந்துவிட்டு வந்தவர் அநேகமாக ஒருவராவது இருப்பார். 1973-ல் எண்ணெய் விலை எகிறியதும் வளைகுடா முழுவதும் கட்டட வேலை பெருகியது. அன்று தொடங்கிய பயணம் இன்னும் நிற்கவில்லை. அதற்கு முன்பு இந்தப் பக்கத்தில் அரபு தேசம் என்றால் மக்கா, மதீனாதான். உத்தமபாளையத்தில் 1956-ல் தொடங்கப்பட்ட ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியின் பெயரிலேயே அந்தக் கால மரியாதை இருக்கிறது. ஹஜ் முடித்து வந்தவரின் பெயருக்கு முன்னால் ஊரே சேர்த்துச் சொன்ன பட்டம்தான் ‘ஹாஜி’.

ஆனால் பதினைந்து, இருபது வருடம் அங்கே உழைத்துவிட்டுத் திரும்பியவரிடம் “அண்ணே, அங்க என்னென்ன பார்த்தீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். “என்னத்தப் பார்த்தோம், ரூமும் சைட்டும்தான்” என்பதுதான் பெரும்பாலானோரின் பதில். வெள்ளிக்கிழமை துணி துவைக்கவும், சமைக்கவும், வீட்டுக்குப் போன் போடவுமே சரியாக இருக்கும். பாஸ்போர்ட் பல இடங்களில் முதலாளி கையில். இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்த கோட்டையையோ கடற்கரையையோ எட்டிப் பார்க்க நேரமும் இருக்காது, மனமும் வராது. ஒரு திர்ஹம் செலவழித்தால்கூட ஊர் ரூபாய்க்குக் கணக்குப் போட்டுப் பார்த்த வாழ்க்கை.

இப்போது கம்பத்திலும் தேனியிலும் டிராவல்ஸ் கடைகளில் உம்ரா விளம்பரத்தின் பக்கத்திலேயே துபாய் டூர் விளம்பரமும் தொங்குகிறது. புதுமணத் தம்பதிகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வியாபாரிகள் போகிறார்கள். கோவையிலும் பெங்களூரிலும் சம்பாதிக்கும் பிள்ளைகள் அம்மா அப்பாவை அழைத்துப் போகிறார்கள். இது நல்ல மாற்றம். நம் ஊர்க்காரர்களின் வியர்வையால் எழுந்த நகரங்களை நம் ஊர்க்காரர்கள் தலை நிமிர்ந்து நடந்து பார்ப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

போவதும் முன்னைவிட எளிது. பத்து வருடத்துக்கும் மேலாக நின்றுபோயிருந்த மதுரை ரயில், அகலப் பாதையாகி 2022 மே மாதம் தேனிக்கும் 2023 ஜூனில் போடிக்கும் வந்துவிட்டது. மதுரை விமான நிலையத்திலிருந்து துபாய்க்குப் பல ஆண்டுகளாக விமானம் உண்டு. 2025 ஜூனில் இண்டிகோ அபுதாபிக்கும் தொடங்கியது. மேல் பள்ளத்தாக்குக்காரர்கள் குமுளி வழியாக மலை ஏறி இறங்கிக் கொச்சி போவதையே இன்றும் விரும்புகிறார்கள். அங்கே தினமும் வளைகுடாவின் எல்லாப் பெரிய நகரங்களுக்கும் விமானம் கிடைக்கிறது.

முதல் பயணம் பெரும்பாலும் துபாய்தான். 2010 ஜனவரியில் திறக்கப்பட்ட 828 மீட்டர் புர்ஜ் கலீஃபாவைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. பார்க்கட்டும். என்னைக் கேட்டால், துபாயில் ஒரு மாலைப் பொழுதை மட்டுமாவது பழைய ஊருக்கு ஒதுக்குங்கள் என்பேன். பர் துபாய்க் கரையில் ‘அப்ரா’ என்னும் மரப்படகில் ஏறினால், ஒரு திர்ஹத்துக்கு டேரா கரையில் இறக்கிவிடுவார்கள். துபாயில் அந்தக் காசுக்கு வேறெதுவும் கிடைப்பது அரிது. படகில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் தொழிலாளியாக இருப்பார். சில நேரம் தமிழும் காதில் விழும். கரையேறிச் சில நிமிடம் நடந்தால் வாசனைப் பொருள் சந்தை. சாக்குகளில் குங்குமப்பூ, காய்ந்த எலுமிச்சை, இலவங்கம், சாம்பிராணி. நடுவில் ஏலக்காய். கைநிறைய அள்ளி முகர்ந்து பாருங்கள். போடிச் சந்தையின் மணம்தான். தோட்டத்துக்கு விடியலில் ஜீப் ஏறிப் போகும் நம் பெண்கள் வாங்கும் கூலியும் அந்தச் சாக்கின் மேல் குத்தி வைத்திருக்கும் விலைச்சீட்டும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்பதையும் அங்கே நின்று ஒரு நிமிடம் நினைக்க வேண்டும்.

அரபுக் காப்பியையும் அதன் முறைப்படி ஒருமுறை குடித்துவிட வேண்டும். இந்தக் ‘கஹ்வா’ நம் டிகிரி காப்பி போல இருக்காது. கொட்டையை லேசாக வறுத்திருப்பதால் நிறம் பொன் மஞ்சள். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. மூக்கு நீண்ட கெண்டியை ஊற்றுபவர் இடது கையில் பிடித்திருப்பார். பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் கால்வாசி அளவே ஊற்றி வலது கையால் நீட்டுவார். நாமும் வலது கையால்தான் வாங்க வேண்டும். முதல் வாயில் காப்பிக்கு முன்னால் ஏலக்காய்தான் நாக்குக்குத் தெரியும். கசப்புக்கு ஒரு பேரீச்சம்பழம். கிண்ணம் காலியானால் கேட்காமலே மறுபடி ஊற்றுவார். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக இரண்டு தரம் ஆட்டிக் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் ஊற்ற ஊற்றக் குடித்துத் திணறியவர்கள் உண்டு. அமீரகம், சவுதி, ஓமன், கத்தார் ஆகிய 4 நாடுகளின் இந்த விருந்தோம்பல் மரபை யுனெஸ்கோ 2015-ல் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

துபாயிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில் அபுதாபி. ஷேக் சயித் பெரிய பள்ளிவாசலுக்கு எந்த மதத்தவரும் போகலாம், கட்டணம் இல்லை, முன்பதிவு வேண்டும். பெண்கள் தலையை மூடி, கை கால் மறைய உடுத்திப் போக வேண்டும். அதே நகரத்துக்கு வெளியே 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட, கல்லால் எழுப்பிய சுவாமி நாராயண் கோயிலும் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியும்.

இவ்வளவுக்குப் பிறகும், கம்பம் பள்ளத்தாக்குக்காரர் ஒருவர் ஒரே ஒரு அரபு நாட்டைத்தான் பார்க்க முடியும் என்றால், நான் ஓமனைத்தான் சொல்வேன். காரணம் தண்ணீர்.

1895-ல் முல்லைப் பெரியாறு அணை வந்த பிறகு, தேக்கடித் தலைமதகு திறக்கும் நாளைப் பார்த்தே வாழ்கிற ஊர் நம்முடையது. லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரில் விளைகிறது. முறைத் தண்ணீர் என்றால் என்ன, கடைமடைக்காரனின் கவலை என்ன என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓமனின் நிஸ்வா ஊருக்குப் பக்கத்தில் ஃபலஜ் தாரிஸ் என்ற கால்வாயின் கரையில் நின்றால் அதே பேச்சு அங்கேயும் கேட்கும். மலை அடிவாரத்தில் நிலத்தடி ஊற்றைக் கண்டுபிடித்து, பூமிக்கடியில் சுரங்கமாக வெட்டி, எந்த இயந்திரமும் இல்லாமல் வாட்டத்திலேயே பேரீச்சந்தோப்பு வரை ஓட்டி வருகிறார்கள். ஊருக்குள் நுழைகிற இடத்தில் முதலில் குடிநீர், அடுத்துப் பள்ளிவாசலில் கைகால் கழுவ, குளிக்க, அதற்குக் கீழேதான் தோட்டங்கள். எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்பதைப் பகலில் நட்ட கம்பின் நிழலை வைத்தும், இரவில் விண்மீன்களைப் பார்த்தும் அளந்தார்கள். இப்படி ஏறத்தாழ 3,000 கால்வாய்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் 5 கால்வாய்களுக்கு 2006-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சிறப்புக் கிடைத்தது. மழையே அரிதான மண்ணில் நீரைச் சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொள்ள ஒரு சமூகம் கண்ட வழியை, மடை திறந்து பழகிய நம் விவசாயிகள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். நம் விவசாயச் சங்கங்கள் தங்கள் சுற்றுலாவை இந்தத் திசையில் யோசிக்கலாம்.

ஓமனின் தெற்கில் சலாலா இருக்கிறது. ஜூன் மாதம் நம் பள்ளத்தாக்கில் சாரல் அடிக்கத் தொடங்கும் அதே காலத்தில், அதே தென்மேற்குப் பருவக்காற்று அங்கேயும் போய்த் தொடுகிறது. ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சலாலாவின் மலைகள் பச்சை போர்த்தி, மூடுபனியில் நனைந்து நிற்கும். ‘கரீஃப்’ என்று பெயர் சொல்லி, வளைகுடாவின் வெயிலில் வாடிய அரபுக் குடும்பங்கள் கூட்டமாக வந்து அந்தச் சாரலில் நனைகின்றன. சாலையோரக் கடைகளில் இளநீர், வாழைத்தார், பப்பாளி தொங்கும். கூடலூர் ரோட்டில் நிற்பதாகவே நம்மவர்களுக்குத் தோன்றும். மஸ்கட்டிலிருந்து உள்நாட்டு விமானம் உண்டு.

சலாலாவுக்குக் கிழக்கே கடற்கரையில் கோர் ரோரி என்ற இடத்தில் சும்ஹுரம் என்னும் பழைய துறைமுகத்தின் இடிபாடு இருக்கிறது. சாம்பிராணி ஏற்றுமதி செய்த துறைமுகம். அங்கே அகழ்ந்தபோது கிடைத்த பானை ஓட்டில், தமிழ் பிராமி எழுத்தில் ‘கீரன்’ என்று முடியும் ஒரு பெயர் இருந்தது. எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே துறைமுகத்தில் ‘கொற்றபூமான்’ என்ற பெயரும், குசைர் அல் கதீமில் ‘கண்ணன்’, ‘சாதன்’ என்ற பெயர்களும் கிடைத்திருக்கின்றன. பெரெனிகேயின் கோயில் இடிபாட்டில் ஒரு பெரிய ஜாடி நிறைய, 7 கிலோவுக்கும் மேல் இந்திய மிளகு புதைந்து கிடந்தது. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் மேற்குக் கரைத் துறைமுகங்களையும் மதுரையையும் வைகை முகத்துவாரத்து அழகன்குளத்தையும் இணைத்த வணிகப் பாதை கம்பம் பள்ளத்தாக்கு வழியாகவே போயிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. நம் மாவட்டத்திலேயே ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-ல் கண்டெடுத்த தமிழ் பிராமி நடுகற்கள், இந்த வைகைக் கரையில் எழுத்து எவ்வளவு பழையது என்பதைக் காட்டுகின்றன. எகிப்து போகிறவர்கள் பிரமிடுகளோடும், 2025 நவம்பரில் திறந்த கெய்ரோவின் மாபெரும் அருங்காட்சியகத்தோடும் திரும்பிவிடாமல், செங்கடல் கரைக்குக் கப்பலேறிப் போன அந்தத் தமிழ் வணிகர்களையும் நினைத்துக்கொள்ளலாம்.

சவுதி அரேபியா சுற்றுலாவுக்குக் கதவு திறந்தது 2019 செப்டம்பரில்தான். பாறையைக் குடைந்து நூற்றுக்கும் மேற்பட்ட கல்லறைகள் செதுக்கிய ஹெக்ரா இப்போது எல்லோரும் பார்க்கக்கூடிய இடம். மக்காவுக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் போக முடியாது என்ற விதி அப்படியே இருக்கிறது. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: சுற்றுலா விசாவில் உம்ரா செய்ய அனுமதி உண்டு, ஹஜ் செய்ய அனுமதி இல்லை. “விசிட் விசாவிலேயே ஹஜ்ஜுக்குச் சேர்த்துவிடுகிறேன்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024 ஹஜ்ஜில் 50 டிகிரியைத் தாண்டிய வெயிலில் 1,301 பேர் இறந்ததாகச் சவுதி அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் முறையான ஹஜ் அனுமதி இல்லாமல் போனவர்கள். கூடாரமும் குளிர்சாதனப் பேருந்தும் அனுமதி உள்ளவர்களுக்கே கிடைத்தன.

விசிட் விசா என்ற பெயரில் நடக்கும் மோசடியை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். அமீரகத்துக்கு 30 நாள், 60 நாள் சுற்றுலா விசா வாங்குவது எளிது. அந்த எளிமையை வைத்தே சில ஏஜென்டுகள் “இப்ப விசிட்ல போ தம்பி, அங்க போனதும் வேலை விசாவா மாத்திரலாம்” என்று படிக்காத பிள்ளைகளை அனுப்புகிறார்கள். நிலத்தை அடகு வைத்தும் நகையை விற்றும் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சுற்றுலா விசாவில் வேலை செய்வது குற்றம். விசா நாள் முடிந்தால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம் ஏறும். சம்பளம் தராவிட்டால் புகார் சொல்லவும் வழியில்லை. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டுக்கு வளைகுடா நாடுகளில் வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி கட்டாயம் என்று நம் அரசு வைத்திருப்பது அவர்களைக் காக்கத்தான். அதைத் தாண்டிப் போகவே இந்த விசிட் விசா குறுக்குவழி. வேலைக்குப் போகிறவர் அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட் மூலம், வேலை விசாவில்தான் போக வேண்டும். ஏஜென்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் யாரும் சரிபார்க்கலாம்.

பெட்டி கட்டும்போது நம் வீடுகளில் நடக்கும் ஒரு தவறு, நேராகச் சிறைக்கே கொண்டு போய்விடும். கசகசா. குருமாவுக்கு அரைக்கிற அதே கசகசா, அபின் செடியின் விதை என்பதால், அமீரகத்திலும் சவுதியிலும் போதைப்பொருள் கணக்கில் வருகிறது. தனியாக எடுத்துப் போகக் கூடாது என்பதோடு, வீட்டில் அரைத்த மசாலாப் பொடியிலும் அது இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சாப்பிட்டதும் வெற்றிலை போடும் பெரியவர்கள், சின்னமனூர் வெற்றிலையை ஊரிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. துபாய் சுங்கத்தில் அதற்கும் தடை. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் இருந்தால் மருத்துவர் சீட்டோடு முன்அனுமதியும் பெற வேண்டும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடுகிற மாத்திரைகளையும் கடை அட்டையோடு, சீட்டோடு வையுங்கள். தெரிந்தவர் கொடுத்தார் என்று பிரித்துப் பார்க்காத பொட்டலத்தை வாங்கிப் பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள். மறுப்பது சங்கடமாக இருக்கும். பரவாயில்லை.

அங்கே போனதும் கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. முன்பின் தெரியாதவர்களை, குறிப்பாகப் பெண்களை, கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. ஷார்ஜா, குவைத்தில் மதுவுக்குத் தடை. ரமலான் மாதத்தில் போனால் பகலில் பொது இடத்தில் சாப்பிடுவதைத் தவிர்ப்பது மரியாதை. நம் வீட்டுப் பெண்களின் சேலையும் சுடிதாரும் எல்லா இடத்துக்கும் பொருத்தமான உடைதான்.

எப்போது போவது என்பதில்தான் நம்மவர்கள் தவறு செய்கிறார்கள். பள்ளிக்கூட விடுமுறை என்று மே மாதத்தில் கிளம்பினால் வெயில் 40 டிகிரியைத் தாண்டி நிற்கும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை அமீரகத்தில் நடுப்பகலில் வெளிவேலைக்கே சட்டப்படி தடை. குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்கள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பாருங்கள். அரையாண்டு விடுமுறை சரியான காலம். சலாலா மட்டும் விலக்கு. வெயிலை மட்டும் பார்த்தால் போதாது. 2025 ஜூனில் கத்தாரில் ஏவுகணை விழுந்த இரவு வான்வழியே சில மணி நேரம் மூடப்பட்டது. பயணிகள் நடுவழியில் தவித்தார்கள். ஆகவே டிக்கெட் போடும் முன்பும், கிளம்பும் முன்பும் நம் வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்பைப் பார்ப்பதும், பயணக் காப்பீடு எடுப்பதும் கட்டாயம். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தை மட்டும் நம்புங்கள்.

கடைசியாக, இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பாவோ, அத்தாவோ, மாமாவோ சவுதியிலும் துபாயிலும் மஸ்கட்டிலும் உழைத்துத்தான் உங்கள் படிப்புக்குப் பணம் அனுப்பினார்கள் என்றால், முதல் டிக்கெட்டை அவர்கள் பெயரில் போடுங்கள். அவர்கள் வேலை பார்த்த தெருவை அவர்களே உங்களுக்குக் காட்டட்டும். பாஸ்போர்ட் காலாவதியாகி அலமாரியில் கிடக்கும். புதுப்பிக்க இன்றே மனுப் போட்டுவிடுங்கள். குளிர்காலம் வருவதற்குள் கைக்கு வந்துவிடும்.